இடம் தெரியாத மிதவைகள்

"ஒழுங்கா இருக்குல்ல சார்?" என்று வைத்திலிங்கம் பெருமையாகக் கேட்டபோது, விலங்கியல் ஆசிரியர் அம்பலவாணனுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஒழுங்காகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான்.

விலங்கியல் ஆய்வகத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு நைலான் கயிறு. அதில் மீன்வலைக்குக் கட்டும் மிதவைகள், வண்ணம் பூசி. இரண்டு வெள்ளைக்கு ஒரு மஞ்சள், இரண்டு வெள்ளைக்கு ஒரு மஞ்சள் என்று அளவெடுத்தாற்போல் போயின.

"நான் வரைஞ்சு குடுத்தது இப்படி இல்லீங்களே."

"நீங்க வரைஞ்சது தாறுமாறா இருந்துச்சு சார். ஒரு எடத்துல மஞ்சள் ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒரு எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்படிக் கட்டுனா வலை சாஞ்சுடும். ரெண்டு ஓரத்துலயும் செவப்பு, நடுவுல பச்சைன்னு வேற அடைச்சு வச்சிருந்தீங்க. பாரம் பாத்து நான்தான் எடுத்துட்டேன்."

"இது வலை இல்லீங்க. மனுஷனோட மரபணுத் தொகுதி."

"எதுவா இருந்தா என்ன சார், தண்ணியில போட்டா நேரா நிக்கணும்ல?"

வைத்திலிங்கம் பட்டினச்சேரிக்காரர், பன்னிரண்டாம் வகுப்பு நந்தினியின் அப்பா. மகள் பள்ளியில் கண்காட்சி என்றதும் ஒரு நாள் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்து கட்டிக் கொடுத்த மனிதர். அவரிடம் கோபப்பட மனம் வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. கண்காட்சியைப் பார்க்க ஆய்வு அதிகாரி புதுச்சேரியிலிருந்து புறப்பட்டாயிற்று.

"யாரு சொதப்புறாங்களோ அவங்களுக்கு மாத்தல் ஏனாமுக்காம் சார்," என்று வேதியியல் ஆசிரியை கமர் நிஷா காலையிலேயே கேள்விப்பட்டதைச் சொல்லியிருந்தார்.

அம்பலவாணனுக்கு வயது ஐம்பத்துநான்கு. மாஹேக்கு மாற்றலாகி மூன்று வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சொந்த ஊர் விழிதியூருக்குத் திரும்பி எட்டு மாதம்தான் ஆகிறது. ஏனாமும் அதே புதுச்சேரி அரசின் ஊர்தான், ஆனால் ஆந்திராவுக்குள் இருந்தது. தெலுங்கில் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குத் தெரியாது. "இன்னொரு தரம் பெட்டி கட்டுனீங்கன்னா மாட்டையும் கூடவே ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க," என்று மனைவி சௌந்தரவல்லி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

"நந்தினி, அப்பாவுக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லும்மா."

நந்தினி ஒப்பித்தாள். "நம்ம மரபணுத் தொகுதிய எழுத்து எழுத்தாப் படிச்சா, அதுல பாதிக்குப் பாதி சொன்னதையே சொல்றதுதான்ப்பா. ரெண்டு ஓரத்துலயும் அதே ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான தடவை வரும். அதான் செவப்பு. நடு இடுப்புல நூத்தி எழுபது எழுத்துத் துண்டு அடுக்கடுக்கா வரும். அது பச்சை. மஞ்சள் ஒரு முந்நூறு எழுத்துத் துண்டு. பத்து லட்சம் எடத்துக்கு மேல இஷ்டத்துக்குச் செதறிக் கெடக்கு. வெள்ளை மட்டும்தான் ஒரே ஒரு தடவை வர்றது. அதுக்குத்தான் நம்பர் போட்டிருக்கோம்."

"சொன்னதையே சொல்றதா? நம்ம பஞ்சாயத்துக் கூட்டம் மாதிரின்னு சொல்லு," என்றார் வைத்திலிங்கம். விஷயம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கோத்தார்கள். ஒவ்வொரு மிதவைக்கும் முடிச்சுப் போடப் போனவரை, நேரமாகிறது, சும்மா கோத்தால் போதும் என்று அம்பலவாணன் தடுத்தார். சிவப்பும் பச்சையும் திரும்பி வந்ததில் கயிறு வாசலைத் தாண்டி, தாழ்வாரத்தில் ஓடி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் முடிந்தது. தலைமையாசிரியர் அதில் தடுக்கி, விழாமல் தப்பினார்.

சரி, மடித்து வைப்போம் என்று உள்ளே இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் அது சிக்கிக்கொண்டு ஒரே உருண்டையாக வந்து சேர்ந்தது. அரை மணி நேரம் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க இறுகியது.

"தள்ளுங்க சார். பிரியாத சிக்கலை அறுத்து முடியணும்," என்று வைத்திலிங்கம் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அம்பலவாணன் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் நாலு இடத்தில் அறுத்தாயிற்று.

வலையாக இருந்தால் முடிச்சு பிடித்திருக்கும். இது சும்மா கோத்தது. மிதவைகள் மளமளவென்று கொட்டி, எலும்புக்கூட்டின் காலடிவரை உருண்டன.

வெள்ளைகளை எண் பார்த்துக் கோத்துவிட்டார்கள். மஞ்சள்தான் வதைத்தது. எந்த மஞ்சள் எந்த இரண்டு வெள்ளைக்கு நடுவே இருந்தது? இந்த ஓரத்தில் சிவப்பு எத்தனை, அந்த ஓரத்தில் எத்தனை? வரைந்த தாளைத் தேடினால், அதில்தான் யாரோ பசை டப்பாவை வைத்து எடுத்திருந்தார்கள். வரைந்த பாகம் டப்பாவின் அடியில் ஒட்டிக் கிழிந்து போய்விட்டது.

வெளியே ஜீப் வந்து நின்றது.

பக்கத்து அறையில் கமர் நிஷா செய்து வைத்திருந்த மாதிரி எரிமலை பொங்கவே இல்லை. "பரவால்லம்மா," என்று சொல்லிவிட்டு அதிகாரி இங்கே வந்தார். மேஜைமேல் குவியலாகக் கிடந்த மஞ்சள் மிதவைகளில் ஒன்றை எடுத்தார்.

"இது எங்க வரும்?"

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அம்பலவாணனிடம் அது இல்லை.

"தெரியலீங்க. கயிறை அறுத்தாச்சு. வெள்ளையை நம்பர் வச்சுக் கோத்துட்டோம். மத்ததெல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. எது எங்கேர்ந்து விழுந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. நடுவுல பச்சை எத்தனைன்னும் தெரியல. அதனால அங்கங்க ஓட்டையாவே விட்டுட்டோம்."

அதிகாரி மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்பலவாணன் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினார்.

"வேணும்னே அறுத்தீங்களா?"

"நான்தாங்கய்யா அறுத்தேன்," என்று வைத்திலிங்கம் கத்தியைக் காட்டினார்.

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "விஞ்ஞானிங்களும் துண்டு துண்டா அறுத்துத்தானே படிச்சாங்க! திரும்ப ஒட்டும்போது, ஒரே மாதிரி இருக்குற எடத்துலதான் முழிக்கிறாங்க. முடிச்சுட்டோம்னு போன வருஷம், ரெண்டாயிரத்து மூணுல, சொன்ன வரைபடத்துலகூட நடு இடுப்பெல்லாம் இன்னும் ஓட்டைதான். முப்பது வருஷ சர்வீஸ்ல இதை எனக்கு இவ்வளவு தெளிவா யாரும் காட்டுனதில்ல சார். உங்க பேரு?"

பேரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

பல மாதங்களுக்குப் பிறகு அம்பலவாணனுக்குத் தோள் லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கமர் நிஷாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஏனாம் ஒண்ணும் மோசமான ஊரு இல்ல டீச்சர். கோதாவரி ஓடுது," என்று ஆறுதல் சொன்னார்.

வாசலில் ஜீப் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன சார், எங்க ஐயா சிரிச்சுக்கிட்டே வர்றாரு! அவரைக் கவுத்த வாத்தியாரு யாரு?"

"நான்தாங்க," என்றார் அம்பலவாணன், கொஞ்சம் நிமிர்ந்து.

டிரைவர் துணியைப் போட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கணும் சார் நீங்க! ஏனாம் பள்ளிக்கூடத்துக்கு நல்லா சொல்லிக்குடுக்குற வாத்தியாரு ஒருத்தர் வேணும்னு பதினேழு ஸ்கூல் சுத்திட்டோம்."