ஈ ஆராய்ச்சிக்குப் பழம் கொண்டுபோன கதை

படிக்காதவர் செய்யும் முட்டாள்தனத்தில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். படித்தவர் செய்தால் அது முழுமையாக இருக்கும். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

2005. நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊர். கணவர் அன்வர் ஐடி வேலைக்குப் போய்விடுவார். நான் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை பார்க்கவே கூடாது என்ற நிபந்தனையோடு, எம்.எஸ்சி. விலங்கியல் தங்கப் பதக்கத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். பிஎச்.டி. படிக்க வேண்டும் என்று வெறி. ஆனால் ஃபண்டிங்கோடு இடம் கிடைத்தால்தான் உண்டு; நாங்களே ஃபீஸ் கட்டுவது ஆகாத காரியம். கண்ணில் பட்ட புரொபசருக்கெல்லாம் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று மெயில் அனுப்பினேன் (பெண் புரொபசர்களுக்கும் அதேதான்). ஒரே ஒருவர் பதில் போட்டார். ஃபண்டிங்கோடு ஓர் இடம் இருக்கிறது, வியாழக்கிழமை வந்து லேபைப் பாருங்கள் என்றார்.

அவருடைய ஆராய்ச்சி பழ ஈக்களைப் பற்றியது. கட்டுரைகளை அடிக்கோடிட்டுப் படித்து, பாதியை மனப்பாடமே செய்திருந்தேன்.

கிளம்பும்போது அன்வர் கேட்டார். "நஸீமா, பெரிய மனுஷரை மீட் பண்ணப் போற. வெறுங்கையோடயா போவ?"

"யா அல்லாஹ், ஆமால்ல!"

கிச்சனில் நாலு நாளாகக் கிடந்த வாழைப்பழமும் திராட்சையும் பைக்குள் போயின. (நன்றாகக் கனிந்ததைக் கொடுப்பதுதானே மரியாதை!)

லேப் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்குள் ஈக்கள். நான் சிரித்துக்கொண்டே பையை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். உள்ளேயிருந்து ஏழெட்டு குட்டி ஈக்கள் கிளம்பின.

"அது... பழமா?" என்றார் புரொபசர், பாம்பா என்று கேட்கும் குரலில்.

ஒரு மாணவி பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மற்றவர்கள் கைதட்டித் தட்டி ஈயடித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காகக் கலப்பில்லாமல் வளர்த்த ஈக்களின் வீட்டுக்கு, எங்கள் கிச்சனிலிருந்து மாப்பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறேன்! அவமானத்தில் நானும் பாய்ந்து ஓர் ஈயை அடித்தேன். உள்ளங்கையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் உளறியது.

"சார், இது ஆண். பின்பக்கம் கறுப்பா இருக்கு."

புரொபசர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஆண்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, எனக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

பார்க்கிங்கில் காத்திருந்த அன்வரிடம், "எல்லாம் போச்சுங்க" என்று வீடு வரும்வரை அழுதேன். இரண்டு வாரம் அவர் வாழைப்பழமே வாங்கவில்லை.

பிறகு மெயில் வந்தது. இடம் உண்டு, ஃபண்டிங்கும் உண்டு, செப்டம்பரில் சேரலாம். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: ‘தயவுசெய்து வெறுங்கையோடு வரவும்.’

இப்போது யார் வீட்டுக்குக் கிளம்பினாலும் என் மகள் வாசலில் நின்று, "அம்மா, எம்ப்டி ஹேண்ட்ஸ் ப்ளீஸ்!" என்கிறாள். அப்பனும் மகளும் சிரித்து முடிக்கும்வரை, நான் பழப்பையை வெளியே கொண்டுபோய் நன்றாக உதறிக்கொண்டிருப்பேன்.