ஆளுக்கு மூன்று நிமிடம்

ஒரே ஆள் கையில் பதினோரு டோக்கன் இருந்தது.

"எதுக்குங்க இத்தனை?" என்று கேட்டாள் நிமிஷ மேடம்.

"பட்டனை அமுக்கினேன், சீட்டு வந்துச்சு. நல்லா இருந்துச்சு. மறுபடியும் அமுக்கினேன்" என்றார் அவர். இடது கண்ணில் கட்டு. மீதி முகத்தில் திருவிழாவுக்கு வந்தவரின் சந்தோஷம்.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் எல்லாருக்கும் அவள் நிமிஷ மேடம்தான். "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. "எத்தனை நிமிஷம் ஆகும்?" என்றுதான் கேட்பாள். வீட்டில் அவள் கணவர் பல் தேய்க்கும்போதுகூட வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு. அது பொய்யில்லை.

இன்றைக்கு அவளுக்கு நிமிஷம்தான் வாழ்வா சாவா. போன மாதம் ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர், நோயாளிகளின் புகார்களையெல்லாம் மேஜையில் குவித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். முதல் புகார், டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது புகார், உள்ளே பரிசோதனை நடக்கும்போது கதவைத் திறந்து பத்துத் தலை எட்டிப் பார்க்கிறது.

"ஒரு மாசம் டைம். அடுத்த மாசம் இதே தேதி பதினோரு மணிக்கு நானே வந்து பார்ப்பேன். வேலை ஒழுங்கா நடந்தா, புதுக் கிளைக்கு நீங்கதான் மேனேஜர்."

"நடக்கலைன்னா சார்?"

"பழையபடி ஃபைல் ரூம்."

கீழ்த்தளத்து ஃபைல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்த்த ஆறு வருஷமும், மழை பெய்த சேதி அவளுக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆகவே ராப்பகலாக யோசித்து ஒரு திட்டம் போட்டாள். வாசலில் டோக்கன் மெஷின். கூடத்தில் நம்பர் காட்டும் பலகை. டாக்டர் அறையில் நோயாளி உட்காரும் நாற்காலிக்கு அடியில் ஒரு கருவி. நோயாளி உட்கார்ந்தால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எழுந்தால் அணையும், பலகையில் அடுத்த நம்பர் தானாக வரும். சிவப்பு எரிகிற வரைக்கும் கதவை யாரும், எதற்காகவும் திறக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம், மணிக்கு இருபது பேர். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்தக் கணக்கில்தான், விடிந்ததும் விடியாததுமாக, பதினோரு டோக்கனோடு ஒருவர் வந்து நிற்கிறார்.

அவருக்கு ஒன்றாம் நம்பரை விட்டுவிட்டு மற்ற பத்தையும் பிடுங்கி, அடுத்து நின்ற பத்துப் பேருக்குக் கொடுத்தாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"இனிமே மெஷினை நீங்கதான் அமுக்கணும். வாசல் தாண்டி வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன். நான் டாக்டருக்குச் சித்தப்பா, நர்ஸுக்கு நாத்தனார்னு சொல்லிட்டு வருவாங்க. காதுலயே வாங்காதீங்க. யாரா இருந்தாலும் டோக்கன்."

வாட்ச்மேன் இந்த வேலைக்கு வருவதற்கு முன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இத்தனை நாளும் கதவைத் திறந்து மூடுவதிலேயே காலம் போகிறதே என்று வெந்துகொண்டிருந்தவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டிக்கெட் இல்லாம ஒரு ஈ ஏறாது மேடம்."

இரண்டாவது நிமிடத்தில் வாசலிலிருந்து குரல் கேட்டது. "உள்ள இடம் இருக்கு, தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க! வழியில நிக்காதீங்க!"

ஒன்பது அடித்ததும் பலகையில் ஒன்று என்று வந்தது. கண்ணில் கட்டுப் போட்டவர் கம்பீரமாக எழுந்து உள்ளே போனார். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நிமிஷ மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஒன்பது இருபதுக்கும் பலகையில் ஒன்றுதான்.

"இன்னிக்குப் புது டாக்டர்தானே? வந்துட்டாரா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"சிவப்பு எரியுதே மேடம். பின்பக்க வழியா வந்திருப்பாரு."

"உள்ள போய் இருபது நிமிஷம் ஆச்சு! ஒத்தைக் கண்ணைப் பார்க்க இவ்வளவு நேரமா?"

"புதுசு இல்லையா, பார்த்துப் பார்த்துச் செய்வாங்க."

அதற்குள் கூடத்தில் சலசலப்புக் கிளம்பியது. ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பத்தரைக்கு எனக்கு பஸ்ஸு."

"கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்மா."

"நான் ஒன்பது மணிக்கே உள்ள போயிருக்கணும்."

"எல்லாரும்தான் போயிருக்கணும். உங்க நம்பர் என்ன?"

"பதினேழு. ஆனா நான் வந்து..."

"பதினேழுன்னா பதினாறுக்கு அப்புறம். உட்காருங்க. சார், உங்க நம்பர்? இருபத்திரண்டா? அப்ப நீங்க ஏன் நிக்கிறீங்க?"

எல்லாரையும் உட்கார வைத்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்தவர்கள் வாயை மூடவில்லை. சும்மா இருப்பதால்தானே கோபம் வருகிறது, நாலு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். தன் குரலிலேயே ஓர் அறிவிப்பைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓட விட்டாள்.

"உங்கள் நேரம் எங்களுக்குப் பொன் போன்றது."

முதல் தடவை எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது தடவை ஒருவர் எழுந்து நின்றார்.

"பொன்னுன்னா வாங்கிப் பூட்டி வெச்சுக்குவீங்களா? திருப்பிக் கொடுங்கம்மா!"

கூடம் கைதட்டியது. அறிவிப்பை நிறுத்த ஓடினாள். ஓட விடுவதற்குப் பட்டன் இருந்தது. நிறுத்துவதற்கு எது என்று தெரியவில்லை. தெரிந்த ஆள் இன்றைக்கு லீவு. பொன் ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சரி, கைக்கு வேலை கொடுப்போம் என்று கருத்துக் கேட்கும் படிவத்தை எடுத்து வந்தாள். இரண்டு பக்கம், இருபத்துநான்கு கேள்வி. முன்வரிசையில் இருந்த பெரியம்மா அதை மூக்குக்கு நேராக வைத்து, தூர வைத்து, தலைகீழாக வைத்துப் பார்த்தார்.

"இது என்ன கண்ணு?"

"எங்க சேவை எப்படி இருக்குன்னு படிச்சு எழுதணும்மா."

"இதைப் படிக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

மணி ஒன்பது ஐம்பது. பலகையில் ஒன்று. பொறுமை போய் அறையின் இன்டர்காமில் கூப்பிட்டாள். கதவைத் திறக்கத்தான் கூடாது, பேசக் கூடாது என்று அவள் சட்டம் போடவில்லை. நாலைந்து மணி அடித்த பிறகு ஓர் ஆண்குரல் நிதானமாக "ஹலோ" என்றது.

"டாக்டர், வெளியே ஒரு கூட்டமே காத்திட்டிருக்கு."

"இங்கேயும் அதே கதைதாம்மா."

"கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா நல்லா இருக்கும்."

"என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்ல. ஏசி நல்லா இருக்கு. நீங்க பதட்டப்படாதீங்க."

லைன் கட்டாகிவிட்டது. அவளுக்குக் காது வழியாகப் புகை வராத குறை. முதல் நாளிலேயே இந்தத் திமிரா! ஏசி நல்லா இருக்காமே! பெரிய டாக்டரிடம் இதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் டாக்டரைத் திருத்த நேரம் இல்லை. அவர் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுப்பாரானால், மற்ற இடங்களில்தான் நிமிஷத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

"நர்ஸம்மா! டாக்டர் பார்த்ததும் என்ன சொல்லுவாரு? சொட்டு மருந்து போட்டு அரை மணி உட்காரச் சொல்லுவாரு. அந்த அரை மணியை இப்பவே முடிச்சிட்டா?"

"டாக்டர் பார்க்காம எப்படி மேடம்?"

"இவங்க எல்லாம் பழைய ஆளுங்க. பழைய சீட்டுல அதான் எழுதியிருக்கு. வரிசையா போட்டுட்டு வாங்க. ஆளுக்குப் பத்து செகண்ட்."

"சீட்டு ஒவ்வொண்ணா பார்த்துட்டுப் போடட்டுமா?"

"சீட்டு பார்த்தா எத்தனை நிமிஷம் ஆகும்?"

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே போனாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. விழித்திருந்தவர்கள் அண்ணாந்து காட்டினார்கள். அசந்து தூங்கியவர்களுக்கு இமையைத் தூக்கி அவளே விட்டாள். எட்டு நிமிடத்தில் கூடம் முழுவதும் கண்ணை மூடி அமைதியாகிவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக நிமிஷ மேடம் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

அந்த அமைதி சரியாக இருபது நிமிடம் இருந்தது.

அந்த மருந்து கண்ணின் பாப்பாவை விரியச் செய்வது. விரிந்துவிட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது. ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது அவள் கணக்கில் வரவில்லை.

"என் டோக்கன்ல என்ன போட்டிருக்கு?"

"எனக்கு உங்க கையே தெரியலைங்க."

பாத்ரூம் போய்விட்டு வந்தவர் இன்னொருவர் மடியில் உட்கார்ந்தார். ஒரு கணவர், "வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தியா, இல்லையா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைப் பிடித்து விளாசினார். அந்தப் பெண், "நீங்க யாரு முதல்ல?" என்றாள். அவர் மனைவி இரண்டு நாற்காலி தள்ளியிருந்து, "நல்லா கேளும்மா!" என்றாள். கைதவறிக் கீழே விழுந்த டோக்கன்களைத் தடவித் தடவி எடுத்ததில், இருபத்தாறு முப்பதாயிற்று, முப்பது பன்னிரண்டாயிற்று. வாட்ச்மேன் நடுவில் புகுந்து, "எல்லாரும் டிக்கெட்டைக் கையில எடுத்து வெச்சுக்கோங்க, செக்கிங்!" என்று கத்தினார். வெளிச்சம் கூசுகிறது என்று யாரோ ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு விளக்கையெல்லாம் அணைத்தார்கள். இருட்டில் பொன் ஒலித்தது.

மணி பத்து ஐம்பத்தைந்து. பலகையில் ஒன்று.

நிமிஷ மேடம் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கையை ஓங்கினாள். கதவில் அவளே ஒட்டிய காகிதம், 'தலை போகிற காரியமானாலும் திறக்கக் கூடாது' என்று அவளைப் பார்த்தது. கை இறங்கிவிட்டது. ஜன்னல் இல்லாத அறை கண்முன் வந்தது. ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாமல் போட்ட திட்டம். அழுகை வந்தது. அழுவதற்கும் நிமிஷம் இல்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

வாசலில் வாட்ச்மேனின் குரல் உயர்ந்தது.

"சார், டோக்கன் வாங்காம போகக் கூடாது."

"யோவ், நான்தான்யா இந்த ஆஸ்பத்திரிக்கு முதலாளி!"

"இருக்கட்டும் சார். நாற்பத்தாறு. பத்திரமா வெச்சுக்கோங்க, கேட்டா காட்டணும்."

பெரிய டாக்டர் கையில் நாற்பத்தாறாம் நம்பரோடு உள்ளே வந்தார். இருட்டுக் கூடத்தையும், தடவி நடக்கும் மனிதர்களையும், பலகையையும் பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பரா? மணி பதினொண்ணு ஆச்சும்மா!"

"நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் சார்" என்றாள். "உங்க புது டாக்டர்தான். ரெண்டு மணி நேரமா ஒரே ஆளை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கேட்டா ஏசி நல்லா இருக்குங்கறாரு."

"அப்படியா?" பெரிய டாக்டர் முகம் சுருங்கியது. காகிதத்தைப் படிக்காமலே கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே நோயாளியின் நாற்காலியில், கண்ணில் கட்டுப் போட்டவர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். எதிரே டாக்டரின் நாற்காலி காலி.

"வாங்க டாக்டர், வாங்க!" என்றார் அவர் மகிழ்ச்சியோடு. "ஒன்பது மணிலேர்ந்து தனியா உட்கார்ந்திருக்கேன். ஒரு அம்மா மட்டும் நடுவுல போன் பண்ணி விசாரிச்சாங்க. பாவம், அவங்களும் எங்கேயோ காத்திட்டிருக்காங்களாம்."

நிமிஷ மேடம் மேஜைமேல் இருந்த இன்டர்காமையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் வெளியே வந்தார், போனை எடுத்தார், போன வாரம் போனிலேயே பேசி வேலைக்கு எடுத்த புது டாக்டரின் நம்பரை அழுத்தினார்.

கூடத்தின் மூன்றாம் வரிசையில் ஒரு போன் அடித்தது.

அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் திடுக்கிட்டு விழித்தாள். போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து, தூர வைத்துப் பார்த்து, ஒருவழியாகக் காதில் வைத்தாள். "டாக்டர், எங்க இருக்கீங்க?" என்ற பெரிய டாக்டரின் குரல் போனிலும் கூடத்திலும் சேர்ந்தே கேட்டது. பிறகு எழுந்து, கையால் நாற்காலிகளைத் தடவிக்கொண்டே குரல் வந்த பக்கமாக நடந்து வந்து, பெரிய டாக்டருக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டாள்.

"வணக்கம் சார், நான்தான் புது கண் டாக்டர். டோக்கன் பதினேழு. ராத்திரி பூரா பஸ்ல வந்த அசதியில கண்ணசந்துட்டேன், யாரோ சொட்டு மருந்தை விட்டுட்டாங்க, சாயந்திரம் வரைக்கும் என்னால யாரையும் பார்க்க முடியாது."