அண்ணனுக்கு எழுதிய ஆறு வரி

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வராங்களாம். சொல்லிட்டு உங்க தம்பி போனை வச்சுட்டாரு," என்றாள் மனைவி யோலாந்தா.

வித்தோல்டுக்குச் சந்தோஷம் வருவதற்குள் பயம் முந்திக்கொண்டது. பதினோரு வருடம் பேசாத தம்பி. வந்ததும் எதைப் பார்ப்பான்? இசைத்தட்டு அலமாரியைத்தான்.

தம்பி செசரி ட்ராம்போன் என்ற பித்தளைக் குழல் வாசிப்பவன். அவன் வாசித்து வெளிவந்த ஜாஸ் தட்டு ஒன்றே ஒன்று. முதல் பிரதியின் உறையில் "அண்ணனுக்கு" என்று எழுதிக் கொடுத்திருந்தான். போஸ்னான் நகரச் சந்தையில் பழைய தட்டு வியாபாரம் செய்யும் அண்ணனோ, ஒருநாள் பத்துப் பேர் நடுவே, "தட்டுல கீறலே இல்ல. இவன் ட்ராம்போன்தான் ஒரே கீறல்," என்று சொல்லித் தொலைத்தார். சந்தையே சிரித்தது. அன்றைக்குப் போன தம்பிதான்.

அத்தோடு விட்டாரா? அவன் போனில்கூடப் பேசவில்லை என்ற கோபத்தில், அந்தத் தட்டை மலிவுச் சரக்கோடு சேர்த்து யாரோ வெளியூர் வியாபாரியிடம் தள்ளிவிட்டார். மறுநாளே மனசு அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்வது?

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் யோலாந்தா.

"நல்லா சொன்ன போ. வாசல்லயே திரும்பிப் போயிடுவான்."

சந்தையில் இன்னொரு தட்டு வியாபாரி ரொமுவால்டின் கடையில் அதே தட்டின் வேறொரு பிரதி தூங்குவது அவருக்குத் தெரியும். இந்தத் தொழிலில் வேண்டியதைக் கேட்கக் கூடாது, விலை ஏறிவிடும். வேண்டாத நாலைந்தை எடுத்து, நடுவே அதைச் செருகி நீட்ட வேண்டும். வித்தோல்ட் அப்படியே செய்தார்.

ரொமுவால்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "நாலையும் வெளிச்சத்துல பிடிச்சு ரேகை பார்த்தே. இதை மட்டும் திருப்பிக்கூடப் பார்க்கலை. அப்ப இதுதான் வேணும்."

"சும்மா, கணக்குக்கு ஒண்ணு..."

"கீறல்னு சொன்ன வாய்தானேப்பா இது? காசு வேண்டாம். முப்பது வருஷமா யாருக்கும் தராம ஒரு அமெரிக்கத் தட்டு வச்சிருக்கியே, அதைக் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், உறை மேல் ஏதோ ரயில்வே சங்க நூலகத்தின் ஊதா முத்திரை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். முத்திரை போகவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

"அண்ணனுக்கு" என்ற ஒற்றைச் சொல் அந்தக் கறையை மறைக்குமா? மறைக்காது. தம்பியின் பழைய கடிதங்களை எடுத்துவைத்து, இரண்டு நாள் கையெழுத்துப் பழகி, கறை மறைகிற வரைக்கும் எழுதினார். ஆறு வரி வந்தது.

யோலாந்தா வாய்விட்டுப் படித்தாள். "'என் வாசிப்பை உலகத்துலயே முதல்ல மதிச்ச, ஒரு நாளும் மனம் நோகப் பேசாத என் அருமை அண்ணனுக்கு...' ஏங்க, உங்களுக்கே இது அடுக்குமா?"

"கறை பெருசு, யோலா."

அவர் உறையை வாங்கி இன்னொரு தடவை படித்தார். இதில் ஒரு வரியாவது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை செசரி, மனைவி லுட்விகாவோடு வந்தான். தலை முழுக்க வெள்ளை. நேரே அலமாரிக்குப் போனான். தட்டை உருவி, உறையைப் படித்தான். ஆறு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"நானா அண்ணே இவ்வளவு அழகா எழுதினேன்?"

"நீ... சின்ன வயசுலேர்ந்தே நல்லாத்தானேடா எழுதுவே."

செசரி தட்டைப் பத்திரமாக இருந்த இடத்தில் வைத்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, வாத்துக் கறி வாசனை ஆளைத் தூக்குதே!" என்று மேசைக்குப் போனான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான், அண்ணன் தோளில் தட்டினான், எதைப் பற்றியும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று வித்தோல்ட் அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டார்.

கிளம்பும்போது செசரி காரை எடுக்க முதலில் இறங்கிப் போனான். வித்தோல்ட் லுட்விகாவுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு கையை நுழைத்தபடியே யோலாந்தா பக்கம் திரும்பினாள்.

"உங்க தட்டை எங்க ஊர்ச் சந்தையில பார்த்து இவரு எப்பவோ வாங்கிட்டாருக்கா, அண்ணனுக்குத் தெரியாம அலமாரியில சொருகிடலாம்னுதான் இன்னிக்குக் கொண்டுவந்தோம், இப்ப என்னடான்னா, 'அது கார்லயே கிடக்கட்டும், நான் எழுதினதைவிட அண்ணன் எழுதினதுதான் நல்லா இருக்கு'ங்கறாரு!"