பிரம்மதேசத்தில் விளைந்த நெத்திலி

நிறுவனங்கள் சரக்குப் போக்குவரத்தில் பிளாக்செயின் என்னும் கணினிப் பதிவேட்டை ஏன் ஏற்கின்றன, ஏன் தயங்குகின்றன என்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். செலவு என்கிறார்கள், பயிற்சி என்கிறார்கள், நம்பிக்கை என்கிறார்கள். கருவாடு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து ஒரு மில் பின்வாங்கியதற்குக் காரணம் அதுதான். (அந்தக் காரணத்தைப் பிரித்து வெளியே கொட்டியவன் நான்.)

விழுப்புரத்தில் நிருபராக இருந்த நான், பத்திரிகையை விட்டுச் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். திண்டிவனத்தில் குமுதா அம்மாவின் மல்லாட்டை மில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) எங்கள் முதல் வாடிக்கையாளரானால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு.

மூட்டையில் ஓர் அட்டை தைப்போம். போனைக் காட்டினால் விளைந்த ஊர், விவசாயியின் படம், ஏறிய லாரி எல்லாம் தெரியும்.

"தப்பா ஏத்திட்டா அழிச்சிக்கலாமா தம்பி?" என்று கேட்டார் குமுதா அம்மா.

"யாராலயும் முடியாதும்மா. அதான் இதோட சிறப்பே."

அவர் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் மில் மூட்டைகளில் அட்டை தைத்துச் சோதித்த பிறகு, செய்து காட்டும் நாளில் மில்லிடம் சரக்கு வாங்கும் ஏற்றுமதி நிறுவனத்தின் தர அதிகாரி வந்தார். "எந்த மூட்டைய வேணா காட்டுங்க சார்" என்றேன். (நிருபராக இருந்தவரை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எதையும் எழுதியதில்லை. அன்று மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.) கதவோரம் தனியாக இருந்த ஒன்றைக் காட்டிய அவர், தன் பெயரில் எங்கள் செயலியை ஏற்றியிருந்த போனிலேயே ஸ்கேன் செய்தார். பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்து விவசாயி ஒருவர் செடியைப் பிடித்தபடி திரையில் சிரித்தார். மல்லாட்டை, முதல் தரம்.

"பிரிச்சே பாத்துடலாம்" என்று நானே வாய்க்கட்டை இழுத்தேன்.

நெத்திலி.

கண் நம்பவில்லை, மூக்கு உறுதி செய்தது. அதிகாரியின் ஷூ மேல் ஒரு படி கொட்டியிருந்தது. அவர் போனை என் கையில் திணித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். பிரம்மதேசத்துக்காரர் சிரிப்பை நிறுத்தவில்லை. அவர் படத்தை மறைக்கும் பதற்றத்தில் கண்ட இடத்தில் அழுத்தினேன். திரை பச்சையானது: 'தரம் சரி. ஏற்றுக்கொள்ளப்பட்டது.' கீழே அதிகாரியின் பெயர்.

"இன்னா சார், எம்மூட்டையப் பிரிச்சிக்கினு நிக்கிறீங்க?" வாசலில் மரக்காணத்துக் கருவாட்டு வியாபாரி அஞ்சலை. சந்தைக்குப் போகும் வழியில் மூட்டையை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாராம்.

"இது மில்லு சாக்காச்சே!" என்றேன்.

"காலி சாக்க எப்பவும் நாங்கதான வாங்கிக்கினு போறோம்? அட்ட கெட்டியா தச்சிருந்திச்சி, எதுக்குக் கிழிக்கணும்னு வுட்டுட்டேன்."

சரக்கு தீர்ந்தாலும் சாக்கு ஓய்வதில்லை என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டு மிளகாயே உரச் சாக்கில்தான் காய்கிறது. ஆனால் 'மூட்டை காலி' என்று பதிய எங்கள் செயலியில் பொத்தானே கிடையாது.

"அழிங்க அத!" என்றார் அதிகாரி.

"முடியாது சார்."

"என் பேர் இருக்குய்யா அதுல!"

"அதான் சார் இதோட சிறப்பே" என்றார் குமுதா அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க கணக்குப்புள்ளைகிட்ட ரப்பர் இருக்கு தம்பி. எங்களுக்கு அது போதும். நீ ஜல்தியா பஸ்ஸ புடி."

அஞ்சலை மட்டும் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கருவாடு மொதத் தரம்னு இந்த சாரே எழுதிக் குடுத்துட்டாரா? அப்ப வெலைய ஏத்திடறேன்."

அடுத்த மாதம் பத்திரிகைக்கே திரும்பிவிட்டேன். அங்கே பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போட இடம் உண்டு. அந்த நெத்திலி இன்றைக்கும் எங்கோ ஒரு சர்வரில் முதல் தர மல்லாட்டைதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. கருவாட்டுக் குழம்பு கொதித்து இறங்கியதும் சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்:

"பிரம்மதேசத்து மல்லாட்ட ரெடி! தரம் சரின்னு அழுத்திட்டு சாப்ட வாங்க."