ராசா காலத்து பிரேம் கடை

கடைசித் துண்டுச் சீமெந்து நடைபாதையில் விழுந்து நொறுங்கிய சத்தத்தில் தெருவே திடுக்கிட்டு நின்றது. அம்புறோஸ் மட்டும் கையைத் தட்டிச் சிரித்தார்.

"சுத்தமாப் போச்சா கணேஸ்?"

"போச்சுங்கய்யா." மேசன் கணேஸ் ஏணியிலிருந்து இறங்கிக் கையைக் காட்டினான். எல்லாம் கொப்புளம். "இது சீமெந்தா, இரும்பான்னே தெரியலீங்க."

மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்த அம்புறோஸின் மனைவி மேபல் வாயில் கை வைத்துக்கொண்டாள். "மாமா ஆசை ஆசையாக் கட்டின முகப்பு! ஏங்க இப்படி மொட்டையடிச்சிட்டீங்க?"

"கட்டடம் நிக்கணுமா, முகப்பு நிக்கணுமா? நீ உள்ள போ!"

கண்டி நகரின் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அம்புறோஸின் பிரேம் கடை. மாதா படம், முருகன் படம், கல்யாணப் படம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் சட்டமும் கண்ணாடியும். கீழே கடை, மேலே குடித்தனம். தெருவை இடித்து வாகனத் தரிப்பிடம் கட்டப் போகிறார்கள், மரபுரிமைப் பெறுமதி உள்ள கட்டடம் மட்டும் தப்பும், அதைப் பார்க்கப் புதன்கிழமை ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மரபுரிமைக்கு அவர் எங்கே போவார்? அப்பா கட்டியது வெறும் சீமெந்து முகப்பு, நெற்றியில் சூரியக் கதிர் மாதிரி சில பட்டிகள். ராசாக்கள் இருந்த ஊரில் எழுபது வயதுக் கட்டடத்தை யார் பழசு என்பார்கள்? அந்த வயதில் மனிதர்களே தலைக்கு மை அடித்துக்கொண்டு திரிகிறார்கள்.

"பழசில்லாட்டி பழசாக்குவம் அண்ணன்," என்று யோசனை சொன்னவர் பக்கத்து இரும்புக்கடை ஷப்ராஸ். கலகெதரவில் இடித்த ஒரு வீட்டிலிருந்து மரச் சல்லடை ஜன்னல் ஒன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான்.

ஜன்னல் சுவருக்குள் நுழையவில்லை. கணேஸ் சுவரை அகலமாக உடைத்தான். ஜன்னல் நுழைந்தது, சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது.

"ஐயோ, குசினியில நின்னா தெருவுல பஸ் போறது தெரியுதுங்க!" என்று மேபல் அலறினாள்.

"வெடிப்பு நல்லம்," என்றார் ஷப்ராஸ். "பழைய சுவர்ல வெடிப்பு ஈக்கத்தான் வேணும். வெள்ளையாத்தான் ஈக்கப்படாது. தேயிலச் சாயம் அடிங்க."

அம்புறோஸ் தேத்தண்ணிக் கடையில் மிச்சமிருந்ததையெல்லாம் வாளியில் வாங்கிவந்து சுவர் முழுக்க விசிறியடித்தார். சுவர் அழகாகப் பழுத்தது. அந்தத் தேத்தண்ணியில் சீனி போட்டிருந்தது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. வாசலுக்கு வந்தவர் அப்படியே உறைந்துபோனார். சுவரையே காணவில்லை, எல்லாம் எறும்பு. மாதா படம் வாங்க வந்த அம்மா ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள்.

"ஷப்ராஸ் நானா! இப்ப என்ன செய்றது?"

"புகை போடுங்க அண்ணன்."

தேங்காய் மட்டையும் மரத்தூளும் போட்டு மூட்டினார்கள். எறும்பு போனது. மேபல் இருமி இருமிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே வந்தாள். புகை விலகியதும் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கரி பிடித்த சல்லடை, பிளந்த சுவர், வடிந்து காய்ந்த சாயம்.

"கண்டி ராசாவே வந்து வாடகை கேப்பாரு," என்றார் ஷப்ராஸ்.

அம்புறோஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராசா காலத்தில் கதவுக்கு இலக்கம் ஏது என்று, கடைப் பலகையோடு இலக்கத் தகட்டையும் கழற்றி உள்ளே வைத்தார்.

புதன்கிழமை ஒரு வேன் வந்தது. வயதான அதிகாரி ஒருவரும் கமராவோடு சிந்துஜா என்ற இளம் பெண்ணும் இறங்கினார்கள். தெருக்கோடி வரை போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். அம்புறோஸால் பொறுக்க முடியவில்லை.

"வாங்க சேர், உள்ள வாங்க! மேபல், கதிரை எடுத்துப் போடு! இது ராசா காலத்துக் கட்டடம் சேர்," என்றார் கூசாமல்.

அதிகாரி சல்லடையைத் தடவி விரலைப் பார்த்தார். "ஜன்னல் பழசுதான். ஆனா இந்தச் சுவத்துக்குச் செஞ்சதில்ல. கரி போன வாரத்துக் கரி."

அம்புறோஸ் அவசரமாக விரல் துடைக்கத் துணியொன்றை நீட்டினார். "அப்ப... இடிச்சிருவாங்களா சேர்?"

"இந்தத் தெருவுல ஒரே ஒரு கட்டடத்தைக் காப்பாத்தலாம்னு ஏற்கெனவே முடிவாயிருச்சு. இன்னிக்கு நேர்ல பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டா சரி."

யாரோ ஒருவன் ஒன்றும் செய்யாமலே தப்பிவிட்டான். அம்புறோஸுக்கு வயிறு எரிந்தது. "எந்தக் கட்டடம் சேர்?"

சிந்துஜா தன் போனில் ஒரு படத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதுதான் அங்கிள். இந்த மாதிரி சீமெந்து முகப்பு கண்டியிலேயே இது ஒண்ணுதான் மிச்சம், நெத்தியில சூரியன் இருக்கு பாருங்க. காலையில இருந்து தேடுறோம், எந்தக் கடைன்னு கொஞ்சம் காட்டுவீங்களா?"