சுவர் நிறையப் படம்

படம் சுவரில் விழுந்துவிட்டது. ஆனால் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும், ஒரு பெரிய வாளியை நிமிர்த்தி வைத்த மாதிரி விழுந்திருந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் நெற்றி ஒரு முழம், தாடை ஒரு விரல்.

"மூஞ்சி ஏங்க இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. கோணம்தான் சரியில்ல" என்றார் கண்ணாடிக்காரர்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். ஒரு நாளைக்கு இருபது பேரையாவது நாற்காலியில் உட்கார வைத்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்டே பதினெட்டு வருஷம் ஓட்டியவர். அடுத்தவர் கண்ணுக்குத் தெளிவு கொடுப்பவர் வீட்டில், சுவரில் வாளி தெரிந்தால் எப்படி?

புரொஜெக்டரை முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாலை மனைவிதான் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. "எங்க டீச்சர் ஒருத்தங்களோடது. அவங்க வீட்ல பாத்து முடிச்சிட்டாங்களாம். ரெண்டு நாள் வச்சிருந்து பாருங்கன்னு குடுத்தாங்க" என்றாள்.

பையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். மைத்துனருக்கு ஃபோன் போட்டார். மனைவியின் தம்பி அவர். போன மாதம் ஒரு டிவி வாங்கியிருந்தார். அறுபத்தைந்து அங்குலம். அதன் பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் அறுபத்தைந்தில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு ஃபைனல் இருக்குல்ல. இந்தத் தடவை நம்ம வீட்ல. உங்க டிவி எங்க படத்துல ஒரு மூலைக்குக் காணாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பையைப் பிரித்தார். உள்ளே மெஷின் இருந்தது, ரிமோட் இருந்தது, செய்முறைப் புத்தகம் மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முக்காலியில் மெஷினை வைத்து, படம் உயரட்டும் என்று அதன் முன்காலுக்கு அடியில் இரண்டு புத்தகங்களைச் செருகினார். உயர்ந்தது. வாளியாக உயர்ந்தது.

ரிமோட்டில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். ஒன்றை அழுத்தியதும் கீழே ஓடிய எழுத்துகள் புரியாமல் போயின.

"இது வேற மொழிச் சேனல்" என்றார்.

"பின்னாடி கெடியாரத்துல மூணு இருக்க வேண்டிய இடத்துல ஒம்போது இருக்கே. அந்த ஊர் கெடியாரமும் அப்படித்தானா?"

படம் இடவலம் மாறியிருந்தது. அதைச் சரி செய்ய இன்னொன்றை அழுத்தினார். செய்தி வாசிப்பவர் தலைகீழாகத் தொங்கியபடி வானிலையைச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, கோணலைத் திருத்தும் பொத்தான் அகப்பட்டது. அழுத்த அழுத்த வாளி ஒடுங்கி, நாலு பக்கமும் நறுக்கினாற்போல நேரானது.

கண்ணாடிக்காரர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அழகா இருக்கு. தம்பி வீட்டு டிவி இதவிடக் கொஞ்சம் பெருசோ?"

திருத்தியதில் படம் சுருங்கியிருந்தது. டேப்பை எடுத்து அளந்தார். அறுபத்தொன்று.

மெஷினைப் பின்னால் தள்ளினால் படம் பெரிதாகும். பின்னால் தள்ள வழியில்லாமல் பீரோ நின்றது. குடிவந்த அன்று ஆட்கள் இறக்கி வைத்த இடத்திலேயே, ஹாலின் நட்டநடுவில், பதினோரு வருஷமாக நிற்கிற பீரோ. அதைப் படுக்கையறைக்குத் தள்ள வேண்டும். அதற்குள்ளிருப்பதை வெளியே எடுக்க வேண்டும். எடுத்து ஹாலில் குவித்து, இன்ச் இன்ச்சாகப் பீரோவை நகர்த்தி வாசற்படி வரை போனபோது, படுக்கையறையில் உடற்பயிற்சி சைக்கிள் குறுக்கே நின்றது. அதை ஒரே ஒரு வாரம் மிதித்திருந்தார். பிறகு அது அவருடைய சட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது.

சைக்கிளைத் தூக்கிப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தார். மாடி வீட்டுப் பெண் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, வீடு காலி பண்றீங்களா?"

"இல்லம்மா. படம் பாக்கப் போறோம்."

அவள் சைக்கிளைப் பார்த்தாள், அவர் தோள்மேல் ஒட்டியிருந்த ஒட்டடையைப் பார்த்தாள், வாசலில் நின்ற அவர் மனைவியையும் பார்த்தாள். "வேண்டாம்னா சைக்கிளை நான் எடுத்துக்கிறேண்ணா" என்றாள். அந்த நிமிஷத்தில் வீட்டையே கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார்.

மெஷின் பின்னால் போனது. படம் விரிந்தது. நூற்றுப் பத்து அங்குலம். பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டார். கோல்கீப்பர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றான். அவன் மூக்கில் ஓர் ஆணி இருந்தது. வலது கன்னத்தில் சுவர்க்கடிகாரம். இடுப்புக்குக் கீழே, போன மழைக்குச் சுவரில் ஊறிய ஈரக்கறை.

"பாவம், அவருக்கு இடுப்புல அடிபட்டிருக்கோ?" என்றாள் மனைவி.

"அது சுவரு."

"ஓ."

கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சுவரில் ஏற்கெனவே இருந்த நாலு ஆணிகளிலும் வெள்ளைப் படுக்கைவிரிப்பை மாட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்றுதான் விழுந்தது. ஆனால் மேலே மின்விசிறி ஓடியது. மைதானம் அலையடித்தது. ஒருவன் பந்தை அடித்தான். பந்து கோலைத் தேடிப் போக, கோல்கம்பம் எதிரே வந்து வாங்கிக்கொண்டது. விசிறியை நிறுத்தினார். ஐந்து நிமிஷத்தில் அவர் பனியன் ஒட்டிக்கொண்டது. விரிப்பை இழுத்துக் கட்டினால் ஆடாதே என்று ஒரு பலமான இழுப்பு இழுத்தார். விரிப்பு கிழிந்தது. ஆணிகள் நாலும் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புக் காரையைப் பெயர்த்துக்கொண்டு வந்தன.

ஓட்டைகளில் பட்டி பார்த்தார். ஈரக்கறையைச் சுரண்டி அங்கும் பூசினார். பச்சைச் சுவரில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். மறுபடி ஆட்டத்தைப் போட்டபோது புல்வெளியில் ஓர் ஆட்டுமந்தை மேய்ந்தது.

"இந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடிச்சிட்டா சரியாப் போயிடும்" என்று அவரே சொன்னார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றாள் மனைவி. "ரோலர் பாத்ரூம்ல இருக்கு."

பெயிண்ட் கடைக்கு ஓடினார். சாப்பாட்டை மறந்தார். இரண்டு பூச்சு கொடுத்து முடித்தபோது மணி ஐந்தரை. ஜன்னல் வெளிச்சம் மங்கியதும் மெஷினைப் போட்டார். படம் பிரமாதமாக இருந்தது. அதே செய்தி வாசிக்கும் பெண்தான். என்ன, முகத்தில் பச்சை படர்ந்திருந்தது.

"இவங்களுக்கு உடம்பு முடியலையோ" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

கண்ணாடிக்காரருக்குக் காரணம் புரிந்துவிட்டது. வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் மற்ற மூன்று பச்சைச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வருகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பீரோவிலிருந்து இறங்கிய மூட்டைகள். முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. வலது காதில் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"முடியாது. உன் தம்பிக்குச் சொல்லிடு."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். "சொல்லிடறேன். அவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான். நாம அங்க போய்ப் பாத்துக்கலாம். அறுபத்தஞ்சு இன்ச் நல்லாத்தானே இருக்கு. கலர்கூடப் பச்சை அடிக்கிறதில்ல."

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரோலர் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு மற்ற மூன்று சுவரும் முடிந்தன. சீலிங்கில் இரண்டு துளி தெறித்திருந்தது. அதை மறைக்கச் சீலிங்குக்கும் ஒரு பூச்சு கொடுத்தார். இரண்டு மணிக்கு மெஷினைப் போட்டார்.

சுவரில் ஒன்றுமே இல்லை.

மெஷின் ஓடியது, விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது. படத்தை மட்டும் காணவில்லை. முந்தின நாள் முழுக்கப் பச்சைச் சுவர் வெயிலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது ஜன்னல் வழியே வந்த வெயில் வெள்ளை ஹால் முழுக்கத் தெறித்து, படத்தை முழுங்கியிருந்தது.

"கெட்டித் திரைச்சீலை இருந்துச்சே நம்மகிட்ட" என்றார் பதறிப்போய்.

"இருக்கு. பரண்ல, கடைசீல."

பரணில் கடைசிக்குப் போக வேண்டுமானால் முதலில் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். கைப்பிடி இல்லாத பெட்டிகள், அடி ஓட்டையான வாளிகள், என்றோ செத்துப்போன மிக்ஸியின் அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி. தும்மித் தும்மி இறக்கினார். திரைச்சீலையை எடுத்து உதறினால் புழுதி மண்டலம். அலசிப் பிழிந்து மொட்டை மாடியில் போட்டுவிட்டு ஓடிவந்து, இறக்கியதையெல்லாம் மறுபடி ஏற்றப் போனார்.

"ஏத்தறதுக்கு இப்ப எங்கங்க நேரம்? அப்படியே வாசல்ல வைங்க. பழைய சாமான்காரர் வந்துக்கிட்டிருக்காரு" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமைகூட வர்றாரா?"

"வரச் சொன்னா வர்றாரு."

நாலரைக்குத் திரைச்சீலை மாட்டியாகிவிட்டது. ஹால் இருண்டது. அவர் லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் கை வைத்தார்.

"இப்ப தெளிவா?"

"இல்ல."

"இப்ப?"

"முன்னாடியே பரவாயில்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது தெளிவா, இல்ல இது தெளிவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

தன் கடை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாகத் தன்னை எப்படிச் சோதித்தார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒரு நூலிழை திருப்பினார். மைதானத்தின் புல் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"ஆங், இதுதான்" என்றாள் மனைவி. அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மைத்துனர் வந்தார். உள்ளே ஒரு காலை வைத்தவர், அதை வெளியே எடுத்துக் கதவு எண்ணைப் பார்த்தார். பிறகு மறுபடி வந்தார்.

"மாமா, இது நம்ம வீடா?"

"உக்காரு மாப்ள. மேட்ச் ஆரம்பிக்குது."

பன்னிரண்டாவது நிமிஷம் ஒரு கோல் விழுந்தது. சுவர் முழுக்க ஆட்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மைத்துனர் தன்னை அறியாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அதன் பிறகு அரை மணி நேரம் அவர் வாயிலிருந்து ஒரு அங்குலம்கூட வரவில்லை.

இடைவேளை விட்டதும் பெருமூச்சு விட்டார். "நம்மகிட்ட இருக்கிறது வெறும் பெட்டிதான் மாமா. படம்னா இதுதான்."

கண்ணாடிக்காரருக்கு முதுகுவலி எங்கே போனது என்று தெரியவில்லை. விளம்பரச் சத்தம் தன் பெருமையில் குறுக்கிடக்கூடாது என்று ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினார். விளக்கைப் போட்டார்.

"ரெண்டே நாள் மாப்ள. நானே யோசிச்சு, நானே முடிவெடுத்து, நானே செஞ்சது. உங்க அக்கா ஒரு வார்த்தை சொல்லல. கேட்டுப் பாரு."

"நான் எதுவுமே சொல்லல" என்றாள் மனைவி.

அப்போது திறந்திருந்த வாசலில் மாடி வீட்டுப் பெண் வந்து நின்றாள். படத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாலு சுவரையும் பார்த்தாள், சீலிங்கைப் பார்த்தாள், பீரோ இருந்த இடத்தைப் பார்த்தாள், பரண் பக்கம் எட்டிக் கடைசிவரை பார்த்தாள். ஒலி நின்றிருந்ததைக் கவனிக்காமல், அவர் மனைவியின் காதருகே குனிந்து, அந்த நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் பேசினாள்:

"அக்கா, டீச்சர் வீடும் முடிஞ்சிடுச்சு, உங்க வீடும் முடிஞ்சிடுச்சு. அப்போ நாளைக்கு மெஷினை எங்க வீட்டுக்காரர் கண்ணுல படற மாதிரி வச்சிடட்டுமா?"