ரிப்பேர்காரர் முன்னால் மட்டும் கிளம்பும் கம்ப்யூட்டர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தை சௌக்கியம். அவளுடைய முழங்கால் வலியும் குறைவில்லாமல் சௌக்கியமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமாக இல்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். மரியாதைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையிடம் மாமனார் கோபப்படக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். பேசினால் வாய் தவறிவிடும், கடிதம் என்றால் அடித்துவிட்டு எழுதலாம். அடித்த இடங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டாம். நீங்கள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள், சந்தோஷம். பழசை எங்கள் தலையில் கட்டினீர்கள், அதற்கும் அன்றைக்குச் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பேத்தி முகத்தைப் பார்த்துப் பேசலாம் மாமா என்றீர்கள். பார்த்தோம், பேசினோம், இல்லையென்று சொல்லவில்லை. போன மாதம் பேத்தியின் போட்டோக்களை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினீர்கள். அதையும் கம்ப்யூட்டரில் செருகி ஆசை தீரப் பார்த்தோம். கழற்றி வைத்த சாமான் காணாமல் போகும் என்பது நான் வேலையில் கற்ற பாடம். ஆகவே அது செருகிய இடத்திலேயே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் காலையே வந்தது வினை. பட்டனை அழுத்தினால் திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காணோமாம். காணோம் என்றால் என்ன அர்த்தம்? முந்தின நாள் வரைக்கும் இருந்தது. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். நான் எடுக்கவில்லை. நீ எடுத்தாயா என்று உங்கள் அத்தையைக் கேட்டேன், அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கப்பா என்றாள். அவள் கையிலிருந்து போனை வாங்கி நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" இதற்கா இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் படித்தீர்கள்? நான் பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலைக் குளிரில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த வண்டியை எல்லாம் நாலு பேரை விட்டுத் தள்ளிக் கிளப்பி அனுப்பியவன். டிரைவர் வந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சாவியைத் திருப்பிப் பார்த்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஸ்பானர் பறந்திருக்கும். இந்தச் சனியனைத் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. தள்ளினால் மேஜையிலிருந்து விழும்.

ரிப்பேர்காரரை வரச் சொன்னேன். வெளியாள் வருகிறார் என்றாலே உங்கள் அத்தை முதல் காரியமாகப் பென் டிரைவைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றி, தன் கம்மலோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். குழந்தை படம் கண்டவர் கைக்குப் போகக் கூடாதாம். அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி, குறை சொல்ல மாட்டேன். வந்த மனிதர் பையைக்கூடத் திறக்கவில்லை, பட்டனை அழுத்தினார். அது என்னமோ பச்சைப் பிள்ளை மாதிரி, ஒன்றுமே தெரியாத மாதிரி, சமர்த்தாகக் கிளம்பியது. "நல்லாத்தானே இருக்கு, சார்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் உங்கள் அத்தை பென் டிரைவைப் பழையபடி செருகினாள், இருவரும் மறுபடி போட்டோ பார்த்தோம், பிறகு எல்லாவற்றையும் அணைத்தோம். காலையில் அழுத்தினால் மறுபடி காணோம். மறுபடி ஆள் அனுப்பினேன், மறுபடி அவர் வந்தார், மறுபடி அவர் விரல் பட்டதும் கிளம்பியது. இந்தத் தடவை அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். வாசலில் நின்று உங்கள் அத்தையிடம், "சாருக்கு ராத்திரியெல்லாம் ஒழுங்கா தூக்கம் வருதாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்கும் முழங்கால்தான் கொஞ்சம் மக்கர், காது நன்றாகவே கேட்கும். அவருக்கும் அந்த மெஷினுக்கும் ஏதோ உள்கை இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியாக மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் குரல் வரும், முகம் வராது. போன வாரம் மகள் போனில் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டாள். உங்கள் மாடி வீட்டில் யாரோ ஒரு பெரியவர் இருக்கிறாராமே. பேத்தி அவரைத் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டு மடியை விட்டு இறங்குவதில்லையாமே. யார் சார் அந்த ஆள்? அவருக்குச் சொந்தத்தில் பேரன் பேத்தி யாரும் கிடையாதா? நான் ஒருத்தன் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அவர் எப்படித் தாத்தா ஆகலாம்? மூன்று வயசுகூட ஆகாத குழந்தைக்கு மூன்று வாரம் என்பது எவ்வளவு பெரிசு தெரியுமா? என் மூஞ்சியே மறந்து போயிருக்கும். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அழுகையும்தான் வருகிறது, ஆனால் இது கோபக் கடிதம், அதனால் அதை எழுதவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். கடிதம் கண்டதும் இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஆள் அனுப்பினால் கொடுக்க மாட்டேன், நீங்களே வர வேண்டும், மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மாடியிலிருந்து தூக்கிப் போட்டுவிடுவேன். நாங்கள் கீழ்வீட்டில் இருப்பதால் அதற்காகவே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், முழங்கால் போனாலும் பரவாயில்லை. இன்று சாயங்காலம் ரிப்பேர்காரர் மூன்றாவது தடவையாக வருகிறார். அவர் முன்னால் அது மறுபடி கிளம்பினால் இரண்டு பேரையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறேன்.

மகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள். உங்களுக்கும் ஆசி உண்டு, கோபம் தணிந்ததும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் இதையும் எழுதும்படி ஆகிவிட்டது. ரிப்பேர்காரர் வரவில்லை. ஆனால் அவர் வருவார் என்று உங்கள் அத்தை வழக்கம்போல் பென் டிரைவைப் பிடுங்கிப் பூட்டிவிட்டாள். காத்திருந்து காத்திருந்து எரிச்சல் தாங்காமல் நானே பட்டனை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன். கிளம்பிவிட்டது. அணைத்தேன். பென் டிரைவை வாங்கிச் செருகி அழுத்தினேன், காணோம் என்றது. பிடுங்கிவிட்டு அழுத்தினேன், வந்தது. அந்த அசட்டு மெஷின் தன் வயிற்றில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை விட்டுவிட்டு, அதைக் குழந்தை போட்டோவுக்குள் போய்த் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆக, தப்பு பென் டிரைவை அனுப்பிய உங்கள் மேல்தான், பரவாயில்லை, நான் பெரிசு பண்ணவில்லை. "கழட்டவே கூடாதுன்னு சொன்னது யாரு?" என்று உங்கள் அத்தை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உடனே மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் வரச் சொன்னேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்களாம். திரை விரிந்தால் பேத்தி அந்த மாடி வீட்டுப் பெரியவர் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் என்னைப் பார்த்தாள், சடாரென்று இறங்கினாள், அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து திரையில் விரலை வைத்தாள்.

"மாடித் தாத்தா, இங்க பாரு. இதுதான் எங்க பொட்டித் தாத்தா. தூங்கிட்டே இருந்துச்சு, இப்ப முழிச்சிடுச்சு."

இத்தனை நாளும் பெட்டி பக்கத்தில் யாரையும் சத்தம் போட விடவில்லையாம் குழந்தை. அந்தப் பெரியவர்தான் சொன்னார். நல்ல மனிதர், விசாரித்ததாகச் சொல்லவும்.

தபால்தலை ஒட்டியாயிற்று, வீணாக்கக் கூடாது என்கிறாள் உங்கள் அத்தை. அதனால்தான் இந்தக் கடிதம் வருகிறது. மேலே எழுதியது எல்லாவற்றையும் நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மூவரும் வர வேண்டும் என்பதைத் தவிர. உங்கள் ஆசியும் இத்துடன் வருகிறது.

இப்படிக்கு,
பொட்டித் தாத்தா.